பூனையின் குருதிச் சர்க்கரையும் இல்லறத்தாரின் விழிப்பும்

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்க்கு ஊறு நேர்தல் என்பதோடு நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் ஊறு நேர்தலே இம்சை என வரையறுத்தார். இன்றைய பேச்சு வழக்கில் பிரமாதம் என்னும் சொல் சிறப்பைக் குறிக்கிறது. ஆகம வழக்கிலோ அது விழிப்பின்மை, சோர்வு, கவனக்குறைவு என்று பொருள்படும். இவ்விலக்கணத்தை ஒரு சிறு செயலில் பொருத்திக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம். நீரிழிவுற்ற பூனையொன்றின் காது விளிம்பில் ஊசியால் குத்தி, ஒரு சிறு துளி குருதி எடுத்து, அதன் சர்க்கரை அளவை வீட்டிலேயே அறிதல் அச்செயலாகும்.

நம் கையால் ஓர் ஐம்பொறி உயிரைக் குத்தலாமா? குத்தாமல் விட்டால் அறம் நிலைக்குமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம். செய்முறையையும் ஒழுங்காகக் கற்போம்.

1. பூனை வளர்ப்பு பற்றிய ஐயம்

கார்த்திகேயானுப்பிரேட்சை முதலிய நூல்கள், பூனை போன்ற ஊனுண் விலங்குகளைப் பேணி வளர்த்தலை அநர்த்ததண்டத்துள் அடக்குகின்றன. பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல் என்பது கருத்து. ஆதலின் விரும்பிப் பூனை வாங்கி வளர்த்தல் சிராவகர்க்கு ஏற்றதன்று என்பது தெளிவு.

நிற்க, தருமபுரி மாவட்டம் கேழ்வரகும் சாமையும் விளையும் நிலம். தானியம் இருக்கும் வீட்டில் எலியும், எலி இருக்கும் இடத்தில் பூனையும் அழையாமலே வந்து சேரும். குட்டியாய் வந்து திண்ணையில் ஒதுங்கி, குழந்தைகளின் கையால் பாற்சோறு உண்டு, பத்தாண்டு நம் நிழலில் வாழ்ந்துவிட்ட பூனையை, நோயுற்ற நாளில் 'நாம் வளர்க்கவில்லை, அதுவாக வந்தது' என்று கைவிடலாகாது. வளர்க்கத் தொடங்குதல் வேறு. அடைக்கலமாய் வந்ததைக் காத்தல் வேறு. உணவு, அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயமும் ஔடதமும் இவ்விடத்தில் ஒருங்கே பொருந்துகின்றன.

2. நோயின் இயல்பு

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள சர்க்கரையை உடலின் திசுக்களுள் செலுத்துகிறது. இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்குக் கட்டுப்படாமற் போனாலோ, சர்க்கரை குருதியிலேயே தேங்கும். பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. நடுவயது கடந்தவை, உடல் பருத்தவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள், ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் பெற்றவை ஆகியவற்றுக்கு இது மிகுதியாக வருகிறது.

அடையாளங்கள் நான்கு. அடிக்கடி நீர் அருந்தும். மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். நிறைய உண்டும் இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையிற் படியுமாறு தாழ்ந்து நடக்கும். இறுதியிற் கூறியது நரம்புத் தளர்ச்சியால் நேர்வது. வயதாகிவிட்டது என்று எண்ணி இதனைப் புறக்கணிப்போர் பலர். இவற்றுள் ஒன்று தோன்றினும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோயைத் துணிவது அவர் பணி. நாள்தோறும் அளவு பார்ப்பது நம் பணி.

3. வீட்டில் பார்ப்பது ஏன்?

நலமான பூனையின் குருதிச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் பூனை அச்சமுற்றால் நோயே இல்லாத நிலையிலும் இந்த எண் 300ஐத் தாண்டக்கூடும். இது பூனைக்கே உரிய இயல்பு. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ கூடையில் அடைத்துப் பேருந்தில் தருமபுரிக்குக் கொண்டுவரப்பட்ட பூனை, வழியெல்லாம் அலறிக்கொண்டே வரும். மருத்துவமனையிலோ நாய்களின் குரல் கேட்கும். சேலம் வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதாயின் சொல்ல வேண்டியதில்லை. அங்கு எடுக்கும் எண் நோயின் அளவா, அச்சத்தின் அளவா என்று பிரித்தறிதல் கடினம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், வீடு திரும்பி அமைதியுற்றபின் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும்.

2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நாய் பூனைகளின் காதிலிருந்து நுண்துளி எடுத்துக் கையடக்கக் கருவியால் அளக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர், வளர்ப்போரே இதனை வீட்டில் செய்ய இயலும் என்பதையும் காட்டினர். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர்.

4. வேண்டிய பொருள்கள்

குளுக்கோமீட்டர், அதற்குரிய ஸ்டிரிப், லான்செட் எனும் குத்தூசி, பஞ்சு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி, சிறிது வாஸலின், ஒரு துவாலை, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கிய கருவியையே பயன்படுத்தலாமா? மருத்துவரைக் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் ஒன்று அறிதல் வேண்டும். மனிதக் குருதியில் குளுக்கோசின் ஏறத்தாழ 58 விழுக்காடு பிளாஸ்மாவிலும், எஞ்சியது சிவப்பணுக்களிலும் உள்ளது. பூனையின் குருதியிலோ ஏறத்தாழ 93 விழுக்காடு பிளாஸ்மாவிலேயே உள்ளது. இவ்வேறுபாட்டால் மனிதர்க்குரிய கருவி பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென அமைந்த கருவிகள் இதனைச் சரிசெய்து காட்டுகின்றன. எக்கருவியாயினும் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். அது எக்கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

ஸ்டிரிப் புட்டியை உடனுக்குடன் மூடுக. கோடை வெயில் படும் சன்னலருகே வைக்கலாகாது. காலாவதி நாள் கடந்ததைப் பயன்படுத்தலாகாது.

5. செய்முறை

முதல் சில நாள்கள் குத்தவே வேண்டா. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் பூனையை மடியிலோ பாயிலோ இருத்திக் காதைத் தடவி, ஊசியில்லாமலே அழுத்தி, பின் அதற்கு விருப்பமான சிறு துண்டு உணவு தருக. காதைத் தொட்டால் நன்மை வரும் என்று அது கற்றபின் தொடங்குக.

முதலாவது, கையைக் கழுவி உலர்த்திக் கருவியில் ஸ்டிரிப்பைச் செருகி ஆயத்தமாக வைக்க. குத்தியபின் கருவியைத் தேடுதல் வீண் குத்துக்கு வழியாகும்.

இரண்டாவது, வெதுவெதுப்பான துணியால் காதை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஒற்றுக. சூட்டினால் குருதி பெருகி வரும். பின் ஈரம் போகத் துடைக்க. ஸ்பிரிட் தடவ வேண்டா. அது எரியும், துளியோடு கலந்து அளவையும் கெடுக்கும்.

மூன்றாவது, காதின் வெளிவிளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய நாளத்தை நோக்குக. பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்தால் நன்கு புலப்படும். அந்நாளத்துக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள பகுதியே குத்துமிடம். அங்கு மயிரின் மேல் மிகச் சிறிதளவு வாஸலின் தடவினால், குருதி பரவாமல் முத்தாகத் திரளும்.

நான்காவது, காதின் மறுபுறம் பஞ்சை வைத்துத் தாங்கி, புதிய லான்செட்டால் விரைந்து ஒரு முறை குத்துக. துளி சிறிதாயின் காதின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நீவுக. இன்றைய கருவிகள் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டர் குருதியே போதும். அது கடுகினும் சிறியது.

ஐந்தாவது, ஸ்டிரிப்பின் நுனியைத் துளியில் தொடுமாறு பிடிக்க, அதுவே உறிஞ்சிக்கொள்ளும். எண் தோன்றும்வரை பஞ்சால் காதை அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் சென்றபின் விடுக. உடனே உணவுத் துண்டைத் தருக.

ஓர் அமர்வில் இருமுறைக்கு மேல் முயலலாகாது. பூனை திமிறினால் விட்டுவிட்டு அரைமணி கழித்து முயல்க. துவாலையில் தளரச் சுற்றலாம். இறுகக் கட்டுதலும் பிடரியைப் பற்றித் தூக்குதலும் கூடா. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடி, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒப்படைக்கும் வழியைக் கேட்டறிக. குப்பையில் வீசினால் துப்புரவுத் தொழிலாளரின் கையைக் கிழிக்கும். அதுவும் பிரமாதமே.

6. எண்ணைப் படித்தல்

ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. மருத்துவர் கூறும் நாளில், காலை ஊசிக்கு முன் தொடங்கி இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த ஊசி வரை பன்னிரண்டு மணி நேரம் அளந்து எழுதுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு நாளின் குறிப்பு இவ்வாறு அமைவதாகக் கொள்வோம்: காலை 6 மணி 290, 8 மணி 240, 10 மணி 170, நண்பகல் 12 மணி 110, 2 மணி 140, 4 மணி 210, மாலை 6 மணி 280.

காலை எண்ணாகிய 290ஐ மட்டும் கண்டவர், மருந்து போதவில்லை என்று கூட்டிவிடுவார். முழுக் குறிப்பையும் கண்டவர், நண்பகலில் 110 வரை தாழ்ந்ததை அறிந்து மேலும் கூட்டத் தயங்குவார். மருந்து உச்சநிலையில் வேலை செய்யும்போது காணும் மிகக் குறைந்த எண், ஏறத்தாழ 80க்கும் 150க்கும் இடையில் நிற்பதையே மருத்துவர்கள் பொதுவாக நாடுகின்றனர். இவ்விரண்டு மனிதருக்கும் இரக்கம் ஒன்றே. ஆயினும் முன்னவர் இரக்கம் பூனையைக் கொல்லக்கூடும். பின்னவர் இரக்கம் அதனைக் காக்கும். இடையிலுள்ள வேறுபாடு அளந்தறியும் விழிப்பு ஒன்றே.

வேறொரு நன்மையும் உண்டு. தொடக்கத்திலேயே நன்கு மருத்துவம் பெற்ற பூனைகளுள் சில, சில மாதங்களில் இன்சுலின் வேண்டாத நிலையை அடைகின்றன. வீட்டில் அளப்பவர்க்கே அந்நிலை உரிய காலத்தில் தெரியவரும். அளவாதவர் பழைய அளவிலேயே ஊசி போட்டுவந்து அபாயத்தை விளைப்பர்.

7. சர்க்கரை தாழ்ந்தால்

சர்க்கரை மிகுதல் நாள்பட நலிவிக்கும். தாழ்தல் சில மணி நேரத்திலேயே கொல்லும். எண் 60க்குக் கீழே சென்றாலோ, பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, மயங்கிக் கிடந்தாலோ, வலிப்புற்றாலோ தாமதிக்கலாகாது. உண்ணும் நிலையிலிருந்தால் உடனே உணவு தருக. உண்ண இயலாவிடில் சர்க்கரைப் பாகையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவுக. மருத்துவ நூல்கள் பல இவ்விடத்தில் தேனைக் கூறும். தேன் நமக்கு விலக்கு. சர்க்கரைப் பாகும் அதே பயனைத் தரும். வாயில் ஊற்றலாகாது, மூச்சுக் குழலுட் செல்லும். பின் மருத்துவரை நாடுக. அவர் சொல்லும்வரை அடுத்த ஊசி போடலாகாது.

பூனை உண்ணாத வேளையிலும், ஊசிக்கு முன் எண் தாழ்ந்திருக்கும் வேளையிலும் வழக்கமான அளவைப் போடலாகாது. எந்த எண்ணுக்குக் கீழே ஊசியை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கி, குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் ஒட்டுக.

சிரிஞ்சு பற்றிய எச்சரிக்கை மிக இன்றியமையாதது. நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும், 100 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கப்படுகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 1 என்னும் கோடுவரை ஏற்றினால், உட்செல்வது இரண்டரை யூனிட் ஆகும். பூனைக்குத் தொடக்க அளவே பெரும்பாலும் 1 யூனிட் அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்தால், இப்பிழையின் கொடுமை விளங்கும். புட்டியையும் சிரிஞ்சையும் ஒவ்வொரு முறையும் ஒப்புநோக்குக.

8. மருந்தும் உணவும் பற்றி நம்மவர் கேட்பன

இன்சுலின் விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்றோ என்பர் சிலர். 1921, 1922ஆம் ஆண்டுகளில் டொராண்டோவில் பாண்டிங்கும் அவர்தம் துணைவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபின், பல்லாண்டுகள் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே பெறப்பட்டது உண்மை. 1982இல் நுண்ணுயிரின் வழியே ஆக்கப்பட்ட மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பூனைகளுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் கிளார்ஜின் இவ்வகையிலேயே ஆக்கப்படுகிறது. விலங்கு மருத்துவத்துக்கென விற்கப்படும் கேனின்சுலின் இன்னும் பன்றிக் கணையத்திலிருந்து பெறப்படுவது. ஆதலின் மருத்துவரிடம் நம் கொள்கையை முதலிலேயே பணிவுடன் கூறி, ஏற்றதைக் கேட்டுப் பெறலாம்.

உணவு பற்றிய வினா இதனினும் கடினம். பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் முதலிய சத்துகள் உணவில் இல்லாவிடின் அதன் கண்ணும் இதயமும் கெடும். நம் வீடுகளில் தரும் பாற்சோறும் தயிர்ச்சோறும் மாவுச்சத்து மிக்கவை. நீரிழிவுற்ற பூனைக்குச் சோற்றைத் தவிர்ப்பதே முதல் மருந்து. மாவுச்சத்துக் குறைந்த, புரதம் மிகுந்த உணவே அதற்கு வேண்டும் என்பதில் மருத்துவர்கள் ஒத்த கருத்தினர். அதனை எவ்வாறு பெறுவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் மருத்துவரோடு கலந்து, தன் விரதங்களையும் எண்ணி முடிவு செய்தல் வேண்டும். நம் விரதம் நமக்கு உரியது. அதனைப் பிற உயிரின் பசியின் மேல் சுமத்துதல் விரதமாகாது. வீட்டில் தர இயலாதவர், தரக்கூடிய நல்லுள்ளத்தாரிடம் அப்பூனையை ஒப்படைத்தலும் அறமே. பட்டினி இடுதல் மட்டும் எவ்வாற்றானும் அறமன்று.

ஒரு வகையில் நம் இல்லற ஒழுக்கம் இம்மருத்துவத்துக்கு இயல்பாகவே துணை செய்கிறது. ஊசி பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வேண்டும். நாமோ கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூனைக்கு உணவும் ஊசியும் என்று அமைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. ஆயினும் இரவில் சர்க்கரை தாழுமாயின், அந்நேரமே பூனைக்கு உணவு தருதல் வேண்டும்.

9. சாத்திரத்தின் தீர்ப்பு

இனி முதல் வினாவுக்கு வருவோம். அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பு அறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். துவாலையில் சுற்றுதல் கட்டுதல் போலவும், காதைக் குத்துதல் அறுத்தல் போலவும் தோன்றும். ஆனால் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் ஓர் உவமையால் இவ்வையத்தைத் தீர்க்கிறார். இரக்கமுள்ள மருத்துவன் ஒருவன், முனிவரின் கட்டியைக் கீறும்போது வலி உண்டாகிறது. எனினும் வலி என்னும் புறக்காரணம் ஒன்றினாலேயே அவனைப் பாவம் பற்றுவதில்லை என்கிறார். அவன் கருத்தில் சினமில்லை, செயலில் சோர்வில்லை.

அவ்வுவமையை நாம் தவறாகப் பற்றிக்கொள்ளலாகாது. இரக்கம் இருந்தால் எதையும் செய்யலாம் என்பது அதன் பொருளன்று. உவமையில் வருபவன் கற்றறிந்த மருத்துவன். கல்லாமல், அளவாமல், மங்கிய ஊசியால், பதற்றத்தோடு பலமுறை குத்துவது இரக்கத்தின் பெயரால் நிகழும் இம்சையே. குத்த மனமில்லை என்று அளவறியாமல் ஊசிமருந்து போடுவதும் அத்தகையதே. கற்றுக்கொண்ட கை தரும் ஒரு நொடி வலி, கல்லாத கை விளைக்கும் பெருந்துன்பத்தைத் தடுக்கிறது.

நுளம்பர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், தகடூர் எனப்பெற்ற இத்தருமபுரியில் சமண பசதி இருந்ததைக் கல்வெட்டு அறிவிக்கிறது. அக்காலச் சிராவகர்க்குக் குளுக்கோமீட்டர் இல்லை. நடக்குமிடத்தில் நிலத்தை நோக்குதலும், நீரை வடித்துப் பருகுதலும் அவர்தம் விழிப்புக்கு வாயில்களாக இருந்தன. அவ்வழக்கங்கள் நமக்கும் உரியன. அவற்றோடு, நம்மை நம்பி வாழும் நோயுற்ற உயிருக்கு நாள்தோறும் அளந்து எழுதும் குறிப்பேட்டையும் சேர்த்துக்கொள்வோமாக.

பயிற்சி வினாக்கள்

1. இம்சையின் இலக்கணத்தில் பிரமாதம் என்னும் சொல் பெறும் இடம் யாது?

2. மருத்துவமனையில் எடுத்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு பூனைக்கு மருந்தைக் கூட்டலாகாது என்பது ஏன்?

3. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 2 என்னும் கோடுவரை ஏற்றினால் உட்செல்லும் அளவு எவ்வளவு?

4. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், பூனையின் உணவு பற்றிய பகுதியோடு தொடர்புடையது எது?

5. உங்கள் இல்லத்தில் நீரிழிவுற்ற முதியவர் இருப்பின், மேற்கூறியவற்றுள் அவர்க்கும் பொருந்துவன எவை? குடும்பத்துடன் அமர்ந்து பேசி எழுதுக.